‘ஜெய் பீம்’ படத்தில் குறவர் இருளராக மாற்றப்பட்டது சரியா?

கேள்வி: கம்மாபுரத்து வாசகன்

வணக்கம். விருத்தாசலம் வட்டத்தில் உள்ள எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு படத்தைத் திரையிட்டு, முடிந்தபின் ஒரு மணி நேரம் பேசுவது வழக்கம். சென்ற மாதம் 2021-இல் வெளியான ‘ஜெய் பீம்’ படத்தைத் திரையிட்டோம். அதற்கு மூலமான 1993-ஆம் ஆண்டு வழக்கு எங்களுக்கு எங்கோ நடந்த செய்தியன்று. முதனை கிராமமும் கம்மாபுரம் காவல் நிலையமும் நாங்கள் அன்றாடம் பேருந்தில் கடந்து போகும் இடங்கள். நகைத் திருட்டு ஒன்றை விசாரிப்பதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட ராஜாக்கண்ணு திரும்பி வரவில்லை. அவர் தப்பியோடிவிட்டார் என்று காவல்துறை சாதித்தது. அவருடைய மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவின் வழியாகத்தான், மீன்சுருட்டிப் பக்கம் கிடந்த உடல் யாருடையது என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பின் வரிசையில் அமர்ந்திருந்த, எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். அவர் கூடை முடைகிறவர். குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். “செத்தது எங்க ஆளு. படத்துல ஏன் இருளர்னு சொல்லிட்டாங்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போனதை வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிப்பவரைப் போலத்தான் கேட்டார். படைப்பாளியின் சுதந்திரம், கற்பனை கலந்த கதை என்றெல்லாம் நான் ஏதோ பதில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என் பதில் எனக்கே திருப்தி தரவில்லை என்பதால் இங்கே கேட்கிறேன்.

ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு நேர்ந்ததை, அதே அளவு ஒடுக்கப்பட்ட இன்னொரு சமூகத்துக்கு நேர்ந்ததாகக் காட்டினால் அதனால் யாருக்கு என்ன இழப்பு? அல்லது இது பெரிதுபடுத்த வேண்டாத விஷயமா? குற்றவியல் படங்களை ஆழ்ந்து பார்க்கும் நண்பர்களும் சட்டம் அறிந்தவர்களும் பதில் எழுதினால், அடுத்த கூட்டத்தில் அப்பெரியவரிடம் நான் கொஞ்சம் நேர்மையாகப் பேச முடியும்.

பதில் 1: வெட்டுமேசை

நான் சில காலம் படத்தொகுப்பு உதவியாளராக வேலை பார்த்தவன். ஆகவே நியாயத்துக்குப் போவதற்கு முன், கதை கட்டுபவரின் இடத்திலிருந்து இதைப் பார்க்க விரும்புகிறேன்.

அந்தப் படத்தில் பாம்பு செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஊர்த் தலைவர் வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிடுகிறது. அதைப் பிடிக்க ராஜாக்கண்ணுவை அழைக்கிறார்கள். வேறு எந்தக் காரணத்துக்காகவும் வாசற்படி தாண்ட விடாதவர்களே அன்று அவரை உள்ளறை வரை கூட்டிப்போகிறார்கள். பிறகு அதே வீட்டில் நகை காணாமல் போகும்போது அந்த அழைப்பே அவருக்கு எதிரான சாட்சியமாகிவிடுகிறது. ஒரே காட்சி அவருடைய தொழில் திறமையைக் காட்டுகிறது, ஊரின் தீண்டாமையைக் காட்டுகிறது, சந்தேகத்துக்கும் வித்திடுகிறது. திரைக்கதை எழுதுபவருக்கு இப்படிப்பட்ட காட்சி எளிதில் வாய்ப்பதில்லை. வயல் வரப்பில் புகைமூட்டி எலி பிடிக்கும் காட்சியும் அப்படித்தான். அந்த மனிதர்கள் யார், எதைத் தின்று வாழ்கிறார்கள் என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிடலாம். இவை இரண்டும் இருளர் வாழ்க்கையோடு ஒட்டியவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறவர் என்ற பெயரையும் திருட்டு என்ற சொல்லையும் சேர்த்தே உச்சரிக்கும் பழக்கம் நம் சினிமாவில் நெடுநாளாக உண்டு. நகைச்சுவைக் காட்சிகளில்கூட அதைச் செய்திருக்கிறார்கள். திருட்டுப் புகாருக்கு ஆளான ஒருவரைக் குறவர் என்று அடையாளப்படுத்திப் படமெடுத்தால், அவர் குற்றமற்றவர் என்று இரண்டரை மணி நேரம் வாதாடினாலும், முதல் பத்து நிமிடத்தில் பார்வையாளர் மனத்தில் பதிவது அந்தப் பழைய இணைப்புதானே என்ற அச்சம் எழுத்தாளருக்கு வந்திருக்கலாம். அந்த அச்சத்தை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன்.

மேலும், படத்தின் தொடக்கத்தில் சிறை வாசலில் நடப்பதை மறந்துவிடக் கூடாது. தண்டனை முடிந்து வெளியே வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, என்ன சாதி என்று கேட்டு, சிலரை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். சிலரைத் தனியே ஒதுக்கி நிறுத்தி, தீராத பழைய வழக்குகளை அவர்கள் தலையில் கட்டுவதற்காக அங்கேயே காத்திருக்கும் காவலர்களிடம் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். மாட்டுச் சந்தையில் நடப்பதைப் போல நடக்கும் அந்தப் பேரத்தைப் பார்த்தவர்கள், இது ஏதோ ஒரு சாதியின் கதை மட்டுமே என்று நினைத்துக்கொள்ள வழியில்லை.

பதில் 2: மனுதாரர் தரப்பு

வெட்டுமேசை அவர்கள் சொல்லும் தொழில்நுட்பக் காரணங்களை ஏற்கிறேன். ஆனால் பெரியவரின் கேள்வி வேறு இடத்தில் நிற்கிறது.

படத்தில் எவையெல்லாம் மாறவில்லை என்று முதலில் பார்ப்போம். அந்த மனுவுக்காக வாதாடிய வழக்கறிஞர் சந்துரு அதே பெயரில் வருகிறார். விசாரணை செய்த காவல்துறைத் தலைவர் பெருமாள்சாமி அதே பெயரில் வருகிறார். இறந்தவரின் பெயரும் ராஜாக்கண்ணு என்றே இருக்கிறது. ஆனால் அவருடைய மனைவியின் பெயரும் சாதியும் மாறியிருக்கின்றன. அதாவது சட்டத்தின் பக்கம் நின்று வென்றவர்கள் தங்கள் பெயரோடு வரலாற்றில் நிலைக்கிறார்கள். பறிகொடுத்தவர்கள் யார் என்பது மட்டும் கற்பனைக்கு விடப்படுகிறது. சந்துரு அவர்களின் உழைப்பை இதனால் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் கற்பனை நாயகர் அல்லர், பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். ஆயினும் இந்த ஏற்றத்தாழ்வு கண்ணை உறுத்துகிறது.

அடுத்தது, அந்த ஊரில் ஒரு நகை காணாமல் போனதும் காவல்துறை ஏன் நேராகக் குறவர் வீட்டுக்குப் போனது? இதற்கு விடை 1993-இல் இல்லை. குறவரில் ஒரு பிரிவினர் கழுதைகளின் முதுகில் உப்புப் பொதி ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே அலைந்து விற்றவர்கள். உப்புக்குறவர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இருப்புப் பாதை வந்தது, உப்பு வணிகம் ஆங்கில அரசின் பிடிக்குள் போனது, அவர்கள் பிழைப்பு சரிந்தது. பிழைப்பு இழந்து அலைகிறவர்களைக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தும் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் பிறந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊர்களில் ரேகைச் சட்டம் என்பார்களே, அதுதான். பிறப்பினாலேயே குற்றவாளி என்று ஒரு சமூகத்தையே பதிவேட்டில் ஏற்றி, ஊரை விட்டு வெளியே போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டுப் பெற வைத்த சட்டம் அது. சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952-இல் முடிவுக்கு வந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து போனதே தவிர, காவல் நிலையத்தின் மனத்திலிருந்து போகவில்லை.

எனவே அந்த வழக்கில் சாதி என்பது கதாபாத்திரத்துக்கு மாட்டிவிட்ட சட்டை அன்று. கைதுக்கான காரணமே அதுதான். படம் பாம்பைக் காரணமாக்கியது. பாம்பு பிடிக்க வந்ததால் சந்தேகம் வந்தது என்றால் அது ஒரு தற்செயல். குறவர் என்பதால் சந்தேகம் வந்தது என்றால் அது நூறாண்டுப் பழக்கம்.

இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறேன். இருளர் என்றதும் நகரத்துப் பார்வையாளருக்குக் காட்டுமூலிகை, பாம்பு விஷம், பழங்குடியின் வெள்ளந்தித்தனம் என ஒரு படம் ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது. அவர்களுக்காக இரங்குவதற்கு அவர் எந்தத் தடையையும் தாண்ட வேண்டியதில்லை. குறவர் என்றால் நிலைமை அப்படியில்லை. அதே பார்வையாளர் தம் வீட்டு வாசலில் கூடை விற்க வந்தவரைக் கண்டு கொடியில் கிடந்த துணியை எடுத்து உள்ளே வைத்தவராக இருக்கலாம். அவர் அழுவதற்கு முன் தம் சந்தேகத்தை எண்ணி ஒரு நொடியாவது கூச வேண்டியிருந்திருக்கும். அந்தக் கூச்சத்தைப் படம் அவருக்கு மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டது. பழைய இணைப்பு மீண்டும் பதிந்துவிடும் என்ற அச்சத்தை நண்பர் குறிப்பிட்டார். அதை உடைப்பதற்கு இவ்வளவு வலுவான உண்மை வழக்கு கையில் இருந்தும் ஒதுங்கிப் போனார்கள் என்பதே என் வருத்தம். மேடையில் குறவஞ்சி ஆடினால் கைதட்டுகிறோம். வள்ளி எங்கள் குலக்கொடி என்கிறோம். காவல் நிலையத்தில் இறந்த குறவரை மட்டும் வேறு பெயரில் அழுகிறோம்.

பதில் 3: திரைச்சீலை

நடிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜாக்கண்ணுவின் மனைவி செங்கேணியாக நடித்த லிஜோமோல் ஜோஸ் அபாரமாகச் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. படப்பிடிப்புக்கு முன் இருளர் குடியிருப்புகளில் பழகித் தயாரானார் என்பதும் தெரிந்ததே. ஆனால் கேரளத்திலிருந்து வந்த ஒருவருக்கு நிறத்தைக் கூட்டி ஒப்பனை செய்துதான் அந்த வேடத்தைத் தர வேண்டியிருந்தது என்பது, நம் ஊரில் அந்த நிறத்தோடு பிறந்த பெண்களுக்குத் திரையில் முதன்மை வேடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

மலையாளத்தில் 2016-இல் வந்த ‘கம்மட்டிப்பாடம்’ படத்தை ஒப்பிடலாம். எர்ணாகுளத்தில் நிலம் பறிபோய் அடியாட்களாக மாறிய தலித் இளைஞர்களின் கதை அது. அதில் கங்காவாக வந்த விநாயகன் அந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர். கேரள அரசின் சிறந்த நடிகர் விருதும் பெற்றார். அவர் ஓர் ஓரமாக நிற்கும் நிலையிலேயே அந்த இடத்தின் வரலாறு தெரிகிறது. அந்தப் படத்திலும் கதையைச் சொல்லும் பொறுப்பை நட்சத்திர நடிகரின் பாத்திரத்திடம்தான் ஒப்படைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

பதில் 4: மாலைப் பள்ளி

செங்கல்பட்டுப் பக்கம் இருளர் குடியிருப்பு ஒன்றில் சில ஆண்டுகளாக மாலை நேரப் பாடம் எடுத்து வருகிறேன். மனுதாரர் தரப்பு நண்பரின் வாதத்தில் பெரும்பகுதியை ஒப்புக்கொண்டாலும், இருளருக்காக இரங்குவது எளிது என்ற வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

2011-ஆம் ஆண்டில் திருக்கோவிலூர் அருகே, திருட்டு வழக்கு விசாரணை என்ற பெயரில் அழைத்துச் செல்லப்பட்ட இருளர் பெண்கள் தங்களைக் காவலர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் கொடுத்தபோது, அந்த இரக்கம் எங்கே இருந்தது? அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்காகக் குடும்பம் குடும்பமாக அடைபட்டுக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் யார்? தமிழ்நாட்டின் ஆறு தொல்பழங்குடிகளில் ஒன்று என்று அரசுப் பட்டியலில் இருந்தும், ஒரு சாதிச் சான்றிதழ் வாங்குவதற்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது என்பதை என் மாணவர்களின் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். பாம்பு பிடித்துக் காட்டு, அப்போது தருகிறேன் என்று அதிகாரி ஒருவர் சொன்னதாக என் வகுப்புச் சிறுமியின் தந்தை சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வெள்ளந்திப் படிமம் அவர்களுக்குக் கேடயம் அன்று. அதுவே ஒரு கூண்டு.

எங்கள் குடியிருப்பில் இந்தப் படத்தை ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அடிக்கும் காட்சிகளில் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். அவற்றின் நீளம் எனக்கும் உவப்பாக இல்லை. ஆனால் விடுவிக்கப்பட்ட செங்கேணி, வண்டியில் ஏறச் சொல்லிக் காவலர்கள் கெஞ்சியும் ஏறாமல் மகளோடு நடந்தே வீட்டுக்குப் போகிறாளே, பின்னால் ஜீப் ஊர்ந்து வருகிறதே, அந்தக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். நான்காவது முறை பார்க்கும்போது ஒரு பாட்டி, ‘மெதுவா போ, இன்னும் மெதுவா போ’ என்று செங்கேணிக்கு யோசனை சொன்னார். தம் பெயரைச் சொல்லித் திரையில் ஒரு பெண் இப்படி நடந்ததை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. மாற்றியிருக்கக் கூடாது என்று நான் சொன்னால், அந்தப் பாட்டியிடமிருந்து எதைப் பறிக்கிறேன் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இருக்கும் குறை வேறு. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் நூற்றுக்கணக்கில் கூடுவார்கள். மணலில் சேலைகளைத் திரையாகக் கட்டித் தங்கி, விடியற்காலையில் கன்னியம்மனுக்குப் படைத்து, அங்கேயே திருமணம் பேசி முடித்து, சில இணைகளுக்கு அங்கேயே தாலியும் கட்டிவிடுவார்கள். அவர்களுடைய பாட்டும் கேலியும் சாமியாடலும் அன்று கடற்கரையை நிரப்பும். இந்த மக்களுக்கு இப்படியொரு வாழ்வு இருக்கிறது என்பதே படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியாது. முற்பகுதியில் கணவன் மனைவிக்கிடையே வரும் அன்பான காட்சிகளும் செங்கல் வீட்டுக் கனவும் கூட, பின்னால் வரப்போகும் அடிக்கு நம்மைத் தயார்ப்படுத்தும் அளவில்தான் இருக்கின்றன. குற்றவியல் படங்களில் எளிய மக்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அடிபடும் இடம்தான்.

படம் வெளியான நாள் 2021 நவம்பர் 2. அதற்கு இரண்டு நாள் கழித்து, தீபாவளியன்று, முதலமைச்சர் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் வழங்கினார். அதற்கு உடனடிக் காரணம் கோயில் அன்னதானத்தில் நரிக்குறவப் பெண் ஒருவருக்கு நேர்ந்த அவமதிப்புத்தான் என்றாலும், அந்த வாரம் முழுவதும் ஊர் இவர்களைப் பற்றிப் பேசியது என்பதை நேரில் பார்த்தவன் நான்.

பதில் 5: வெட்டுமேசை

மாலைப் பள்ளி நண்பருக்கு நன்றி. அந்தப் பாட்டியின் யோசனையை எந்தப் படத்தொகுப்பாளரும் ஏற்றுக்கொள்வார்.

மனுதாரர் தரப்பு எழுதியதைப் படித்தபின் எனக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படத்தில் ராஜாக்கண்ணுவைச் சித்திரவதை செய்யும் உதவி ஆய்வாளரின் வீட்டுச் சுவரில் அக்னிக் கலசம் அச்சிட்ட நாட்காட்டி சில நொடிகள் தெரிந்ததற்காக எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். அது வன்னியர் சங்கத்தின் அடையாளம்; மூல வழக்கில் அந்த அதிகாரி அச்சமூகத்தவர் அல்லர் என்பது அவர்கள் வாதம். படக்குழு உடனே அந்த நாட்காட்டியை மாற்றியது. ஓடிடியில் வெளியான படம் என்பதால் திரையரங்குப் பிரதிகளைத் தேடி அலைய வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. ஐந்து கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு அறிவிப்பு சென்றது, இயக்குநர் த. செ. ஞானவேல் வருத்தமும் தெரிவித்தார். செய்யாத குற்றத்தைத் தங்கள் மீது ஏற்றக் கூடாது என்று ஒரு சமூகம் கேட்பதில் தவறில்லை; குற்றம் செய்தவரின் சாதியைக் காட்டுவதற்கும் அதே நேர்மை வேண்டும். ஆனால் சுவரில் தொங்கிய ஓர் அட்டைக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்காவது இறந்தவரின் சாதி மாறியதற்குக் கிடைத்ததா? குறவர் அமைப்பினரும் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். படத்தில் அதற்காக ஒரு சட்டகமும் மாறவில்லை. முதல் பதிலில் நான் எழுதிய அச்சம் உண்மைதான். ஆனால் அச்சத்துக்கும் ஆள் பார்த்து அளவு இருக்கிறது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. இந்தி பேசும் ஒருவரை அறைந்து தமிழில் பேசச் சொல்லும் காட்சியை இந்திப் பதிப்பில் உண்மையைப் பேசச் சொல்வதாக மாற்றிவிட்டார்கள். சந்தைக்கு ஏற்ப வசனம் வளைகிறது என்றால், அந்த அறைக்குக் கதையில் எவ்வளவு தேவை இருந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பதில் 6: மனுதாரர் தரப்பு

மாலைப் பள்ளி நண்பர் சொன்ன கூண்டு என்ற சொல்லை ஏற்றுக்கொள்கிறேன். என் வரியைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். எனினும், இருளருக்கு அவர்களுடைய சொந்த வழக்கு ஒன்றைக் கொண்டே படம் எடுத்திருக்கலாமே. நீங்கள் குறிப்பிட்ட திருக்கோவிலூர் நிகழ்வே போதுமே. ஒருவருக்குக் கொடுப்பதற்கு இன்னொருவரிடமிருந்து எடுக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

கதை யாருடைய கையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். வெற்றி மாறனின் ‘விசாரணை’ மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ நூலை அடிப்படையாகக் கொண்டது. அவர் கோவையில் ஆட்டோ ஓட்டியவர். குண்டூரில் பிழைக்கப்போன இடத்தில் காவல் நிலையத்தில் அடைபட்டு அடிபட்டதைத் தாமே எழுதினார். அதனால்தான் அந்தப் படத்தின் முதல் பாதியில் நாம் அறைக்குள் இருக்கிறோம். பிடித்துவந்தவர்கள் பேசும் தெலுங்கு புரியாமல் அடைபட்டவர்களோடு சேர்ந்து நாமும் விழிக்கிறோம். ‘ஜெய் பீம்’ வழக்குக் கட்டிலிருந்து பிறந்த படம். அங்கே அடிபட்டவர் மனுவில் வரும் ஒரு பெயர். எந்தப் பெயரையும் போல அதையும் மாற்றி எழுதலாம் என்று தோன்றுவது இயல்புதான்.

கேள்வி கேட்டவர் மீண்டும்: கம்மாபுரத்து வாசகன்

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இந்தப் பதில்களில் சிலவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை அப்பெரியவரை அவர் வீட்டில் பார்த்தேன். மூங்கிலைப் பிளந்துகொண்டே கேட்டார். பாட்டி நான்கு முறை பார்த்த செய்தியைச் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இருளர் மீது தமக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, அவர்களும் தாங்களும் ஒரே லாக்கப்பில் கிடந்தவர்கள்தான் என்றார்.

அடுத்த மாதம் பக்கத்து ஊரில் மீண்டும் இந்தப் படத்தையே திரையிடுகிறோம். தொடங்கும் முன் பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டேன். தொடங்கும் முன் வேண்டாம் என்றார். சிறை வாசலில் வரிசையாக நிறுத்தும் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் தாம் மூன்று முறை நின்றதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாராம். மீதிப் படத்தை அதன்பிறகு ஓட்டிக்கொள்ளலாமாம்.